வேலைத்தளத்தில் மனநல முதலுதவிப் பயிற்சி கொடுத்தோம், அது பலன் தந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறாராம். மனம் உடைந்திருப்பவரை எப்படி அடையாளம் கண்டு பேசுவது, உரிய உதவிக்கு எப்படி அனுப்புவது என்று லைன் சுப்பர்வைசர்களுக்கும் சில ஒப்பரேட்டர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி நடந்திருக்கிறது. முன்னும் பின்னும் கொடுத்த கேள்வித்தாளில் புள்ளிகள் நன்றாக ஏறியிருக்கின்றன. அதைக் காட்டி அடுத்த வருடமும் நிர்வாகத்திடம் பணம் கேட்கலாமா என்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்துக் கேட்காதீர்கள். வன்னியில் உளசமூக வேலைத்திட்டங்களில் பல வருடம் இருந்தவன் நான். பயிற்சி முடிந்த அன்று பின்னேரம் வைத்த சோதனையில் புள்ளி இறங்கி நான் கண்டதே இல்லை. சாப்பாடும் தேத்தண்ணியும் தந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்கு யாருக்குத்தான் மறக்கும்?

இந்தப் பயிற்சி 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர், அந்தனி ஜோர்ம் என்ற இருவர் தொடங்கியது. வேலைத்தளத்தில் அதைச் சோதித்து அவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அரசாங்கத் திணைக்கள ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே பயிற்சி கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து, சில மாதம் கழித்து இரண்டு பகுதியினரையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கு உதவி செய்யும் துணிவு கூடியிருந்தது, ஒதுக்கும் மனப்பான்மை குறைந்திருந்தது, அவர்களுடைய சொந்த மனநிலையும் கொஞ்சம் தேறியிருந்தது. சரி, உதவி பெற்றவருக்கு என்ன ஆனது? அங்கேதான் சிக்கல். பிரித்தானியாவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 2018இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விழிப்புணர்வு கூடுகிறது, ஆனால் வேலைத்தளம் மனநலப் பிரச்சினைகளைக் கையாளும் விதம் மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பும் 21 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றே முடித்தது. அதற்காகப் பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பயிற்சி எடுத்தவரையே அளந்திருக்கிறார்கள், அவரிடம் வந்து பேசியவரை அளந்தது குறைவு.

நீங்களும் அதையே செய்துவிடாதீர்கள். முதலில் கேள்வித்தாளை மாற்றுங்கள். 'மனச்சோர்வின் அறிகுறிகள் நான்கு எழுதுக' என்பதற்குப் பதிலாக ஒரு ஆளைக் காட்டுங்கள். லைனில் நல்ல கைவேகமுள்ள ஒரு பிள்ளை. இப்போது கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். தலையிடி என்று அடிக்கடி சிக் ரூமுக்குப் போய்ப் பனடோல் கேட்கிறாள். 'இருந்து என்னக்கா செய்ய' என்று பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? பயிற்சிக்கு முன் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்: வேறு லைனுக்கு மாத்துவேன், கோயிலுக்குப் போகச் சொல்லுவேன், எல்லாருக்கும்தான் கஷ்டம் என்று சொல்லுவேன். பயிற்சிக்குப் பின் வரவேண்டிய பதிலில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: சாகும் எண்ணம் இருக்கிறதா என்று அவளிடம் நேரே கேட்பது. கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் நம் ஊரில் பெரிய பயம், அதற்கு ஆதாரம் கிடையாது. இதே கதையை ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கொடுங்கள். அப்போது வரும் பதில்தான் உண்மையான புள்ளி.

அப்புறம், பயிற்சி எடுக்காதவர்களைக் கேளுங்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டு போதும். 'மனம் சரியில்லாவிட்டால் இந்தக் கட்டிடத்துக்குள் யாரிடம் போவீர்கள்?' ஒருத்தரிடமும் போகமாட்டேன் என்று பாதிப் பேர் எழுதினால் உங்கள் பயிற்சி இன்னும் லைனுக்குள் இறங்கவில்லை. சுப்பர்வைசரிடம் போகமாட்டார்கள் என்பதை மட்டும் இப்போதே எதிர்பாருங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை டார்கெட் கேட்கிறவரிடமே போய் அழ யாருக்கு மனம் வரும்? என்னைக் கேட்டால் அடுத்த சுற்றில் சிக் ரூம் மிஸ்ஸுக்கும் கன்டீன் அக்காமாருக்கும் முதல் இடம் கொடுப்பேன்.

இன்னொரு விஷயம், யார் யாரிடம் பேசினார் என்று பெயர்ப் பதிவு வைக்கவே வேண்டாம். ஊர் சின்னது. 'அவ கிளினிக் போறவ' என்ற ஒரு வார்த்தை லைனில் பரவினால் கலியாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும். மாதத்துக்கு எத்தனை பேச்சு நடந்தது என்ற எண்ணிக்கை மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பயிற்சியின் கடைசிப் படிகளில் ஒன்று, உரிய உதவிக்கு அனுப்புவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் இலவசம்தான், ஆனால் அது கிழமைநாளில், பகலில் நடக்கிறது. ஒரு தொழிற்சாலையில் நான் கண்டது இது: முதலுதவி படித்த அக்கா ஒருத்தி பக்குவமாகப் பேசி ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்குச் சம்மதிக்க வைத்தாள். பிள்ளை ஒரு நாள் லீவு போட்டாள். மாதச் சம்பளத் துண்டைப் பார்த்தால், லீவு போடாமல் வேலைக்கு வந்தால் தரும் வரவுக் கொடுப்பனவு முழுதாக வெட்டுப்பட்டிருந்தது. குழுக்கடன் தவணை கட்டுகிற வீட்டில் அது சின்னக் காசு இல்லை. அடுத்த மாதம் அவள் கிளினிக் போகவில்லை. இதில் பயிற்சியைக் குறை சொல்வதா, சம்பளப் பிரிவைக் குறை சொல்வதா? எந்தக் கேள்வித்தாளிலும் இது அகப்படாது.

ஆகவே மதிப்பீட்டில் இவற்றையும் சேருங்கள்: கிளினிக் நாளுக்கு வெட்டில்லாத லீவு உண்டா? தனியாக இருந்து பேச ஒரு கதவுள்ள அறை உண்டா? 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் தமிழில் ரொயிலெட் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறதா? நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நின்று வாசிக்க வெட்கப்படுவார்கள். ஒப்பிடும் மாதங்களையும் பார்த்து எடுங்கள். மே மாதத்தில் இங்கே பாதி வீடுகளில் 2009 திரும்பி வரும். மார்ச்சையும் மேயையும் ஒப்பிட்டுவிட்டு, பயிற்சிக்குப் பிறகு நிலைமை மோசமாகிவிட்டது என்று எழுதினால் பிழை. மேயை அடுத்த மேயோடு பாருங்கள்.

பணம் கேட்கப் போகும்போது பயிற்சிச் செலவையும் கிளினிக் லீவுச் செலவையும் ஒரே தாளில் போட்டுக் கொண்டுபோங்கள். முதலாவதற்குச் சரி சொல்லி இரண்டாவதை வெட்டினால், வெட்டினார்கள் என்பதையும் மதிப்பீட்டு அறிக்கையில் எழுதிவிடுங்கள்.