பதில்: ரோமர் 11:26 எந்த இஸ்ரவேலைச் சொல்கிறது?

தம்பி, தங்கச்சிமடத்தில் வீட்டு ஜெபத்தின்போது மச்சானோடு வாக்குவாதம் வந்ததை எழுதியிருந்தீர்கள். அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், 11:26இல் வரும் "இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்பது இன்றைய இஸ்ரேல் நாட்டைத்தான் குறிக்கிறது, அதை ஏற்காதவன் வேதத்தையே மறுக்கிறான் என்கிறார் அவர். கிறிஸ்தவர்கள் எல்லாரும் அப்படிப் படித்ததில்லை. தைரியமாகச் சொல்லுங்கள்.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் அந்த வசனத்தில் யூதரும் பிற இனத்தாரும் சேர்ந்த தேவஜனம் முழுவதையும் பார்த்தார். எல்லாத் தலைமுறையிலும் கிறிஸ்துவை ஏற்கும் யூதர்களின் மொத்தம் என்பாரும் உண்டு. மச்சான் பேசுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர் பரப்பிய போதனை வழியாக வந்தது. 1948இல் இஸ்ரேல் உருவானதும் அதற்கு வேகம் கூடியது.

என் கருத்தைச் சொல்கிறேன். 25ஆம் வசனத்தில் இஸ்ரவேல் என்றால் யூத இனம்தான். அடுத்த வரியிலேயே அது கிறிஸ்தவ சபையாக மாறிவிடாது. தேவனுடைய அழைப்பு மாறாதது என்று 29ஆம் வசனமும் சொல்கிறது. ஆகவே யூத மக்களுக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. இதில் மச்சான் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல், யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று அறிவித்தது. ஆனால் ரோமர் 11ஆம் அதிகாரத்தில் நாட்டு எல்லையோ அரசாங்கமோ பேசப்படவே இல்லை. பவுல் அழுவது தன் சொந்த ஜனத்தின் மீட்புக்காக.

அப்புறம், அடுத்த ஜெபத்தில் 9 முதல் 11 வரை மூன்று அதிகாரங்களையும் சேர்ந்து வாசியுங்கள். 11:18இல் "பெருமைபாராட்டாதே" என்று பவுல் எச்சரிப்பது நம்மைப் போன்ற பிற இனத்து விசுவாசிகளை. மச்சானையே அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.