சுவரும் முழங்கையும் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு 52 வயது. பள்ளிக்கூடத்திலிருந்தே ‘குண்டு’ என்றுதான் பெயர். கண்ணாடி முன்னால் நிற்பதைத் தவிர்த்தே இத்தனை வருடம் ஓடிவிட்டது. குடும்பத்தோடு போட்டோ எடுத்தால் யாருடைய முதுகுக்காவது பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அண்மையில் படுக்கையறைச் சுவரை நானே சரிசெய்தேன். பழைய பெயின்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்தேன். முடித்த அன்று முழங்கையில் ஒட்டியிருந்த பெயின்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ‘இந்தக் கைதானே இவ்வளவும் செய்தது’ என்று தோன்றியது. அழுதுவிட்டேன். என் உடம்பைப் பற்றி நான் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை.

இது உண்மையான நன்றியா, இல்லை சுவர் நன்றாக வந்த பெருமையா? இன்னொன்று, மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. வலது முழங்கால் இன்னும் வலிக்கிறது. நாளைக்கு ஏணி ஏற முடியாமல் போனால் இந்த நன்றியும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்து கதவுகளுக்கு வார்னிஷ் அடிக்க ஆசை.

ம.

அன்புள்ள ம.,

சுவர் நன்றாக வந்த பெருமை என்றால் சுவரைப் பார்த்து அழுதிருப்பீர்கள். நீங்கள் அழுதது முழங்கையைப் பார்த்து. முதல் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே.

இது ஏன் சுவர் வேலையில் வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. குண்டு என்று பெயர் வாங்கியவர்களிடம் ஊரே ‘நட, ஓடு, குறை’ என்று சொல்லியிருக்கும். நீங்களும் நடந்திருப்பீர்கள். ஆனால் அங்கே பழுதுபார்க்கப்படும் பொருளே உடம்புதான். ஒவ்வொரு நாளும் எடைக்கருவி வந்து வேலை முடியவில்லை என்று சொல்லும். வீட்டு வேலையில் பழுது சுவரில் இருக்கிறது. உடம்பு அதைச் சரிசெய்யப் போகிற ஆள். ஒருவேளை வாழ்க்கையில் முதல்முறையாக அது அந்தப் பக்கம் நின்றிருக்கிறது.

பட்டி காய்ந்தபின் உப்புத்தாள் தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடத்தில் விரல் ‘இங்கே இன்னும் மேடு இருக்கிறது’ என்று சொல்லும். விரல் சொல்வதே சரியாகவும் இருக்கும். சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள மடிப்புகளைக்கூட வழவழப்பான பரப்பிலிருந்து மனித விரல் பிரித்தறிந்தது. ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் சில ஆயிரம் மடங்கு. இப்படி ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கை பருமனா ஒல்லியா என்று ஐம்பது வருடம் கவலைப்பட்டிருக்கிறோம்!

அப்புறம், ஒரு ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்றால் முழங்கையை மடக்கி, ஸ்க்ரூடிரைவரை வலக்கையில் பிடித்து இறுக்குங்கள். இடது கையை வலது மேற்கையின்மேல் வையுங்கள். ஒவ்வொரு திருப்புக்கும் உள்ளே ஒரு தசை திரண்டு எழும். அதுதான் பைசெப்ஸ். கையை மடக்குவதற்கு மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். உள்ளங்கையை மேல்நோக்கிப் புரட்டுவதும் அதன் வேலைதான், ஸ்க்ரூவை இறுக்குவதும் அதே திசை. ரவிக்கைக் கை இறுக்குகிறது என்று நீங்கள் வருடக்கணக்காகத் திட்டியிருக்கக்கூடிய அதே மேற்கை.

சுரண்டியைப் பிடித்த நாளில் விரலைவிட முன்னங்கை வலித்திருக்குமே? விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. விரலை அழுத்தி மடக்குகிற முக்கியமான தசைகள் முன்னங்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டு வழியாகப் போகும் நாண்களால் விரலை இழுக்கின்றன.

2015இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா அலேவாவும் சக ஆய்வாளர்களும், தங்கள் உடலை வெறுத்த இளம்பெண்களிடம் ‘உங்கள் உடல் என்னென்ன செய்கிறது, அது உங்களுக்கு ஏன் முக்கியம்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்குத் தங்கள் உடல்மீது இருந்த மனக்குறை குறைந்தது. அவர்கள் பேனாவால் செய்ததை நீங்கள் ரோலரால் செய்திருக்கிறீர்கள்.

இனி வலி. மறுநாள் கை தூக்க முடியாமல் போனது பழக்கமில்லாத உழைப்பில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அமிலம் வேலை நின்று ஓரிரு மணி நேரத்திலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். இந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். அடுத்த முறை அதே வேலைக்கு இவ்வளவு வலிக்காது.

முழங்கால் கதை வேறு. தரையில் மண்டியிட்டு வேலை பார்த்தால், முழங்கால் சில்லுக்கு முன்னால் இருக்கும் சிறிய திரவப் பை அழுந்தி வீங்கலாம். வீக்கமோ சூடோ இருந்தால், அல்லது வலி இப்படியே நீடித்தால், டாக்டரிடம் காட்டுங்கள். ‘உழைத்த வலி’ என்று பெருமையாக வைத்துக்கொள்ள வேண்டாம். நன்றி சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு முழங்காலைப் பாழாக்குகிறவர்கள் நிறைய.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேலை செய்ததற்கு மட்டும் நன்றி என்றால் அது தினக்கூலி. காய்ச்சலில் படுத்த அன்று கூலி கிடையாது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கும் அதனால்தான் பயம் வந்திருக்கிறது. பெயின்ட் சுரண்டும்போது விரல் முட்டியில் எங்காவது தோல் உரிந்திருக்கும். அது ஆறுவதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் இல்லை. நீங்கள் தூங்கும்போது ஆறியது. திட்டிய வருடங்களிலும் அப்படித்தான் ஆறிக்கொண்டிருந்தது. ஏணி ஏற முடியாத வயதிலும் (வரும், எனக்கு வந்துவிட்டது) இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மெதுவாக. ரோலருக்கு நீளக் கம்பு மாட்டிக்கொண்டால் சுவரின் மேற்பகுதியையும் தரையில் நின்றே அடித்துவிடலாம். ஓரங்களுக்கு மட்டும் யாரையாவது ஏற்றிவிடுங்கள். அதில் உங்கள் உடம்புக்கு அவமானம் எதுவும் இல்லை.

வார்னிஷ் விஷயம். கதவில் பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாளை எடுப்பதற்கு முன் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். பழைய வீடுகளில் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. ஈயம் இருந்தால் அந்த வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். இல்லையென்றாலும் மாஸ்க் இல்லாமல் தேய்க்க வேண்டாம், வார்னிஷ் அடிக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கதவைக் கழற்றி, இடுப்பு உயர மேசைமேல் படுக்கவைத்து அடித்தால் வார்னிஷ் வழியாது, முழங்காலுக்கும் வேலை இல்லை. கழற்றும்போது மட்டும் துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள், கதவு பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும்.