மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்: அளவான தொகையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி: முதல்முறையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். கையில் இருப்பது அளவான தொகை, அதற்கு மேல் போக முடியாது. விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பட்டியல் போட்டுக் கொடுத்தார்: இன்டெல் கோர் ஐ7 14700கேஎஃப் ப்ராசஸர், இசட்790 மதர்போர்டு, லிக்விட் கூலர், 850 வாட் பவர் சப்ளை, ஒரே ஒரு 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. "ப்ராசஸரை இப்போதே நல்லதாக வாங்கிவிடு, கார்டை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டையும் தினமும் ஆடுவேன். கதையோடு வரும் பெரிய விளையாட்டுகளையும் ஆட ஆசை. வீட்டில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ், 1080பி மானிட்டர். இந்தப் பட்டியல் சரிதானா? செகண்ட் ஹேண்ட் பாகங்கள் வாங்கலாமா?

பதில்: இந்தப் பட்டியலை வாங்க வேண்டாம். உங்கள் நண்பர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

14700கேஎஃப் 20 கோர்கள் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) கொண்ட ப்ராசஸர். முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். அந்தச் சூட்டைத் தணிக்க லிக்விட் கூலர் தேவைப்படுகிறது. அந்த மின்சாரத்தைத் தாங்கவும், 'கே' வகை ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்யவும் (குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டவும்) இசட்790 மதர்போர்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 850 வாட் பவர் சப்ளை. ஒரு ப்ராசஸரை வாங்கப் போய் இன்னும் மூன்று பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. கடைசியில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைத்தது 4 ஜிபி கார்டு. திரையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு காட்சியையும் வரையப்போவது அந்தக் கார்டுதான்.

அதனால் பட்டியலைத் தலைகீழாகத் திருப்புவோம். மானிட்டரில் தொடங்கி, அதற்கேற்ற கார்டு, அந்தக் கார்டைக் காக்க வைக்காத ப்ராசஸர் என்று இறங்கி வருவோம்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம், அதாவது 1080பியைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு முறை காட்சி மாறும்போதும் இத்தனை பிக்சல்களையும் கார்டு கணக்கிட வேண்டும். அளவான தொகைக்கு 1080பி நல்ல தேர்வு, அதிலேயே இருங்கள். ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதுதான் சிக்கல். நீங்கள் தினமும் ஆடும் இரண்டு விளையாட்டுகளும் வேகம் சார்ந்தவை. கம்ப்யூட்டர் நொடிக்கு 200 காட்சிகள் கொடுத்தாலும் அந்த மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் திரையைப் புதுப்பிக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி, 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடி. கண்ணுக்கும் கைக்கும் உடனே தெரியும் வித்தியாசம் இது. லிக்விட் கூலருக்கு ஒதுக்கிய பணத்தை 144 அல்லது 165 ஹெர்ட்ஸ், 24 அங்குல மானிட்டருக்குத் திருப்பினாலே உங்கள் ஆட்டம் மாறும். இப்போதே முடியாவிட்டாலும் அடுத்து வாங்கும் பொருள் அதுவாக இருக்கட்டும்.

இனி கார்டு. மானிட்டரைத் தவிர்த்து மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், நான் 40 வரை கார்டுக்கே ஒதுக்குவேன். ப்ராசஸருக்கு 17 அல்லது 18, மதர்போர்டுக்கு 11 அல்லது 12, மிச்சத்தில் ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட். இது கல்வெட்டு இல்லை. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ தரவு மையங்களின் தேவைக்கே மெமரி தொழிற்சாலைகளின் உற்பத்தியில் பெரும்பங்கு போனது அதற்கு முக்கியக் காரணம். வாங்கும் நாளில் விலை நிலவரத்தைப் பார்த்து விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் கார்டின் பங்கைக் கடைசியில்தான் குறைக்க வேண்டும்.

4 ஜிபி கார்டை மட்டும் புதிதாக வாங்கவே வாங்காதீர்கள். கார்டின் சொந்த மெமரி நிரம்பிவிட்டால், மிச்சப் படத்தரவுகள் மதர்போர்டு வழியாக ரேமுக்குப் போய்வர வேண்டும். அந்தப் பாதை கார்டின் மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. ஆட்டத்தின் நடுவே காட்சி திக்கித் திக்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல உதாரணம்: 4 ஜிபி மெமரி, அதோடு மதர்போர்டுடன் பேச நான்கே பிசிஐஇ பாதைகள். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் மாட்டினால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். அந்தக் கார்டு அங்கே வெகுவாகத் தடுமாறியது.

8 ஜிபி இன்று 1080பிக்குக் குறைந்தபட்சம். வாலரண்டுக்கும் கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கும் அது தாராளம். பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) அளவை ஒரு படி குறைக்க வேண்டிவரும். பெரிய விளையாட்டுகள் மீது உங்களுக்கு ஆசை இருப்பதால், விலை எட்டினால் 12 அல்லது 16 ஜிபி கார்டுகளைப் பாருங்கள்: 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி, 2025இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 16 ஜிபி வகை உண்டு. ஆர்க் கார்டை எடுத்தால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் மென்பொருள்) ரீசைஸபிள் பார் வசதி, அதாவது கார்டின் முழு மெமரியையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி, இருந்தே ஆக வேண்டும். பழைய, வேகம் குறைந்த ப்ராசஸரோடு சேர்த்தால் அது சில விளையாட்டுகளில் நன்றாகவே பின்தங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். 8 ஜிபிக்குள் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600 எல்லாமே 1080பிக்குப் பொருத்தம்தான். அன்றைக்கு எது மலிவோ அதை எடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மெமரி அளவுகள் விற்பனையில் இருப்பதால் பெட்டியில் ஜிபி எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி வகைக்கும் 8 ஜிபி வகைக்கும் வித்தியாசம் மெமரி அளவில் மட்டும் இல்லை. 8 ஜிபி வகையில் மெமரிப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகியிருக்கிறது, வேகமும் குறைவு.

ப்ராசஸர் விஷயத்தில் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. நீங்கள் ஆடும் இரண்டு விளையாட்டுகளும் கார்டைவிட ப்ராசஸரைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. ஆனால் அவை கேட்பது ஒவ்வொரு கோரின் வேகத்தையும் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் மெமரியையும்தான், 20 கோர்களை அல்ல. 6 கோர், 12 த்ரெட் ப்ராசஸர் ஒன்று 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் போதும். ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெல் ஐ5 12400எஃப், ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ரைசன் 5 7600. மூன்றுக்கும் பெட்டியோடு வரும் கூலரே போதுமானது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: ரைசன் 5 5500 என்று ஒன்றும் விற்கிறது. 5600ஐவிட எண்ணில் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇ 4.0க்குப் பதில் 3.0. விளையாட்டுக்கு இரண்டுமே முக்கியம்.

எந்த சாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் மதர்போர்டை மாற்றுவது பாதிக் கம்ப்யூட்டரை மாற்றுவது மாதிரி. 2017இல் ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 உள்ள மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரை அதிலேயே மாட்ட முடிந்தது. உங்கள் நண்பர் சொன்ன எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 14ஆம் தலைமுறைதான் ஏறக்குறையக் கடைசி. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு சாக்கெட்டே வேறு. ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டுமே ஏறும், அதுதான் இப்போது விலை அதிகம். என் யோசனை இதுதான்: ஏஎம்5 வாங்கியும் கார்டின் தரம் இறங்காது என்றால் ஏஎம்5. இறங்கும் என்றால் ஏஎம்4இல் 5600ஐ முந்தைய வகையான டிடிஆர்4 ரேமோடு வாங்குங்கள். நல்ல கார்டோடு அந்த ஜோடி இன்னும் பல வருடம் உழைக்கும். மதர்போர்டில் ஏஎம்4க்கு பி550, ஏஎம்5க்கு பி650 வகை போதும். ஏஎம்4க்கான ஏ520 இன்னும் மலிவுதான், ஆனால் அதில் பிசிஐஇ 3.0 தான் கிடைக்கும்.

ரேம் ஒரே 16 ஜிபி வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு இருந்தால்தான் டூயல் சேனல் வேலை செய்யும், ப்ராசஸருக்குத் தரவு போகும் பாதை இரண்டாகும். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் பின்கள் 288 தான் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. எஸ்எஸ்டி என்விஎம்இ வகையில் 1 டிபி. ஒரே விளையாட்டு 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது, 500 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் காற்று புகும் வலையாக இருக்கட்டும். வண்ண விளக்குகளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். 150 வாட் கார்டு, 90 வாட் ப்ராசஸர், மற்றவைக்கு 60 வாட் என்று கூட்டினால் 300 வாட் வருகிறது. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கூடுதலாக இழுக்கும் என்பதால் 550 வாட் எடுங்கள். பிற்காலத்தில் பெரிய கார்டு போட எண்ணம் இருந்தால் 650. இதில் 850 தேவையே இல்லை. ஆனால் வாட் எண்ணைவிடத் தரம் முக்கியம். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85 விழுக்காடு திறன், கோல்டுக்கு 90. பாதுகாப்புக்கு அந்த முத்திரை உத்தரவாதம் இல்லை. ஷார்ட் சர்க்யூட், அதிக வோல்டேஜ், அதிக மின்னோட்டம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா, ஐந்து வருட வாரன்டியாவது உண்டா என்று பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையில் கார்டை மாட்டாதீர்கள். அது கெட்டுப்போகும்போது தனியாகப் போகாது, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ப்ராசஸர், ரேம், கேபினெட் எல்லாம் பயமில்லாமல் வாங்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் உயர்வகை ப்ராசஸர்களில் வோல்டேஜ் கோளாறால் நிரந்தரச் சேதம் ஏற்பட்டது 2024இல் தெரியவந்தது. பயாஸ் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே சேதமானதை அது சரிசெய்யாது. உங்கள் பட்டியலில் இருக்கும் 14700கேஎஃப் அந்த வரிசையைச் சேர்ந்தது. பழையதாக மலிவு விலையில் வந்தால் விலகிப் போங்கள். பவர் சப்ளையையும் எஸ்எஸ்டியையும் புதிதாகவே வாங்குங்கள்.

பழைய கார்டுதான் பணம் மிச்சமாகும் இடம், ஏமாறும் இடமும் அதுவே. விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரமாவது கனமான ஒரு விளையாட்டோ சோதனை மென்பொருளோ ஓடட்டும். திரையில் புள்ளிகள், கட்டங்கள், கோடுகள் வருகின்றனவா, ஃபேன் கரகரக்கிறதா, சூடு 85 டிகிரியைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரைக் காட்டும்படி செய்த போலிகளும் உலவுகின்றன. அதனால் விண்டோஸ் காட்டும் பெயரை மட்டும் நம்பாமல் ஜிபியு-இசட் போன்ற மென்பொருளில் சிப்பின் விவரத்தைச் சரிபாருங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்எக்ஸ் 5000 வரிசைகளில் ரே டிரேசிங்குக்கான (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் கிடையாது. அது இல்லாமல் தொடங்கவே செய்யாத பெரிய விளையாட்டுகள் 2024 முதல் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பழையதில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 6600 அளவுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

"கார்டை அப்புறம்" என்ற யோசனையை ஒரே ஒரு சூழலில் ஏற்பேன்: கார்டுக்கு இப்போது பணமே இல்லை என்றால். அப்போதும் 14700கேஎஃப் உதவாது, 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த ப்ராசஸரில் உள் கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 8600ஜி போல நல்ல உள் கிராஃபிக்ஸ் உள்ள 'ஜி' வகை ஒன்றை டூயல் சேனல் ரேமோடு வாங்கினால், வாலரண்டைக் கார்டு இல்லாமலே நன்றாக ஆடலாம். கார்டை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் மூன்று வேலைகள் இருக்கின்றன, பலர் இவற்றைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள், இல்லையென்றால் ரேம் அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடாது. அங்கேயே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் இயங்குகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள், விண்டோஸ் 11இல் வாலரண்ட் இவை இரண்டையும் கேட்கும். புதிய மானிட்டர் வாங்கினால், விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே 144க்கோ 165க்கோ மாற்ற வேண்டும். அதைத் தொடாவிட்டால் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.