கேட்டு அறிந்தது

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை வரலாறு முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் பேசிய ஒருவர், ‘ஹிஸ்டரி என்றாலே ஹிஸ் ஸ்டோரி, அவனுடைய கதை. ஆண்டவர்களும் ஆண்களும் எழுதிக்கொண்டது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது’ என்றார். அரங்கமே கைதட்டியது. அது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் அப்பாவோ, ‘நம் ஊருக்கு எந்த ராஜா வந்தான், என்ன கல்வெட்டு இருக்கிறது, உனக்கு எதற்கு இந்தப் படிப்பு?’ என்கிறார். ஹிஸ்டரி என்ற சொல்லின் பொருள்தான் என்ன? நம்முடைய ‘வரலாறு’ அதற்குச் சரியான சொல்லா?

ஒரு மாணவி, மானாமதுரை

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. கைதட்டல் வாங்கிய அந்த விளக்கம் தவறு. ‘ஹிஸ்’ என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஹிஸ்டரியோ கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை. எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். கிரேக்க மொழியில் ‘ஹிஸ்டோரியா’ பெண்பால் பெயர்ச்சொல்லும்கூட. 1970-களில் பெண்ணிய இயக்கத்தினர் ‘ஹெர்ஸ்டோரி’ என்று மாற்றி எழுதியபோது எழுப்பிய கேள்வி, இதில் பெண்கள் எங்கே என்பது. அது சத்தியமான கேள்வி, இன்றைக்கும் கேட்கப்பட வேண்டியது. ஆனால் அதற்குத் துணையாகச் சொற்பிறப்பை இழுத்துவருவது, நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி சேர்ப்பதாகிவிடும்.

கருத்தரங்கில் பேசியவர் சொன்ன ‘ஹிஸ் ஸ்டோரி’யின் பின்பாதியில் மட்டும் ஓர் உண்மை உண்டு. ஸ்டோரியும் ஹிஸ்டரியும் ஒரே சொல்தான். ஆங்கிலத்துக்குள் வெவ்வேறு உருவில் நுழைந்து, நெடுங்காலம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புழங்கி, பிறகுதான் கதைக்கு ஒன்று, நடந்ததற்கு ஒன்று என்று பிரிந்துகொண்டன. பிரெஞ்சில் இன்றும் பிரியவில்லை. ‘இஸ்த்வார்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது.

சொல்லின் வேருக்குப் போவோம். பழைய கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்தில் தேர்ப்பந்தயம் ஒன்று வருகிறது. குதிரைகள் தொலைவில் புழுதி கிளப்பிக்கொண்டு வருகின்றன. மேட்டில் உட்கார்ந்திருக்கும் இடோமினியஸ், முன்னால் வருவது டயோமிடீஸின் குதிரைகள் என்கிறான். உனக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, வாயை மூடு என்கிறான் ஐயாஸ். வாக்குவாதம் முற்றுகிறது. ஒரு முக்காலியோ அண்டாவோ பந்தயம் வைப்போம், எந்தக் குதிரை முன்னால் வருகிறது என்று நம் படைத்தலைவன் அகமெம்னான் சொல்லட்டும், அவனை ‘ஹிஸ்டோர்’ ஆக வைத்துக்கொள்வோம் என்கிறான் இடோமினியஸ். ஹிஸ்டோர் என்றால் அறிந்தவன். இருவருக்கு நடுவில் நின்று எது உண்மை என்று சொல்லத் தகுந்தவன். இந்தச் சொல்லின் அடிவேருக்குப் பார்த்தல், அறிதல் என்று பொருள். வடமொழியில் ‘வித்’, அதிலிருந்து வேதம், வித்யா. லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் ‘விதேயோ’, அதிலிருந்து நம் வீட்டு வீடியோ. எல்லாம் ஒரே குடும்பம்.

ஆக, ஹிஸ்டோரியா என்றால் கேட்டும் பார்த்தும் விசாரித்தும் அறிவது. கடந்த காலம் என்ற பொருள் அதில் முதலில் இல்லவே இல்லை. அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி ஆராய்ந்து எழுதிய பெருநூலுக்கும் இதே பெயர்தான். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளையும் பாம்புகளையும் ஆராய்கிறதே, அதில் வரலாறு எங்கே வந்தது என்று சிறுவயதில் நான் குழம்பியிருக்கிறேன். பழைய பொருள் அங்கே அப்படியே தங்கிவிட்டது.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் தன் நூலின் முதல் வாக்கியத்திலேயே இந்தச் சொல்லைப் போட்டார்: இது தன்னுடைய விசாரணையின் முடிவு என்று. கிரேக்கர்களுக்கும் பாரசீகர்களுக்கும் நடந்த போர்களை அவர் விசாரித்ததனால்தான் சொல் மெல்ல மெல்ல நடந்தவற்றின் பக்கம் சாய்ந்தது. அவர் விசாரித்த விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், இதை என்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்ல முடியும். எகிப்திய மன்னன் நெக்கோ, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசிய மாலுமிகளைச் செங்கடல் வழியாக அனுப்பி ஆப்பிரிக்காவைச் சுற்றி வரச் சொன்னானாம். அவர்கள் வழியில் கரையிறங்கி, விதைத்து, அறுவடை செய்து, மறுபடி கப்பலேறி, மூன்றாம் ஆண்டில் ஜிப்ரால்டர் வழியாகத் திரும்பினார்களாம். தெற்கு முனையைச் சுற்றும்போது சூரியன் தங்கள் வலது கைப் பக்கம் இருந்ததாகச் சொன்னார்களாம். ஹெரொடோட்டஸ் எழுதுகிறார்: மற்றவர்கள் நம்பலாம், நான் இதை நம்பவில்லை.

அவர் ஏன் நம்பவில்லை? மேற்கு நோக்கிப் போகும்போது வலது கை என்றால் வடக்கு. அவர் பிறந்த நாட்டில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும். நமக்கு இது அதிசயமே இல்லை, வைகாசியிலும் ஆனியிலும் நம் உச்சிவேளைச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் இருக்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போனால் ஆண்டு முழுக்க வடக்கில்தான் இருக்கும். அவர் நம்பாத அந்த ஒரு வரிதான், அவர்கள் உண்மையிலேயே அவ்வளவு தூரம் போயிருக்கக்கூடும் என்று பின்னால் வந்தவர்களை நினைக்க வைத்தது. தனக்குப் பொய்யாகத் தோன்றியதை அவர் வெட்டி எறிந்திருக்கலாம். எறியவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதி, தன் ஐயத்தையும் பக்கத்தில் வைத்தார். வரலாறு படிக்கிறவர்களிடம் நான் எதிர்பார்க்கும் நேர்மை இதுதான்.

இனி நம் சொல். வரல், ஆறு, ஆறு என்றால் வழி. வந்த வழி. தொல்காப்பியத்தின் பழைய உரைகளில் நூற்பாவின் பொருளைச் சொல்லிவிட்டு ‘வரலாறு’ என்று போட்டு எடுத்துக்காட்டுகளை அடுக்குவதைப் பார்க்கலாம். விதி வழக்கில் எப்படி வருகிறது என்று காட்டுவது. சரித்திரம் என்பது நடத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. இதிகாசம் என்பதைப் பிரித்தால் ‘இப்படித்தான் இருந்தது’ என்று வரும். இதிகாசம் முடிவைச் சொல்லிவிடுகிறது, ஹிஸ்டோரியா கேட்கிறது. வரலாறு, வந்த வழியைத் திரும்ப நடந்து பார் என்கிறது. எனக்கு நம் சொல் மிகவும் பிடிக்கும், தயங்காமல் எழுதுங்கள். அதைப் பெருமைக்கு மாட்டும் மாலையாக மட்டும், ‘வரலாற்றுச் சாதனை’, ‘வரலாறு படைத்தார்’ என்று தேய்ப்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு என் வீட்டிலிருந்து பதில். என் சித்தியின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1964. எங்கள் பாட்டியோ, ‘தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்த தையில் பிறந்தவள்’ என்பாள். அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. அப்படியானால் சித்தி பிறந்தது 1965 ஜனவரி அல்லது பிப்ரவரி. தாளை நம்புவதா, பாட்டியை நம்புவதா? விசாரித்தேன். 1969 ஜூனில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்களாம். சித்தி தொட்டுவிட்டாள். உயரமான பிள்ளை. அன்றைக்கு ஐந்து வயது நிறையும்படி தலைமையாசிரியர் ஒரு தேதி எழுதிக்கொண்டார். பாட்டி சொன்னதுதான் சரி. இதில் ராஜா இல்லை, கல்வெட்டு இல்லை. ஆனால் ஹிஸ்டோர் உட்கார வேண்டிய இடம் இருந்தது.

உங்கள் ஊரில் பழைய கிணறு ஒன்று இருக்கும். அதை யார் வெட்டினார்கள், யாரெல்லாம் அதில் இறைக்கலாம், யார் கூடாது என்றிருந்தது, அது எப்போது மாறியது என்று முதலில் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். பிறகு அம்மாவிடமும், அந்தக் கிணற்றுக்கு வர முடியாமல் இருந்தவர்கள் வீட்டிலும் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் எதையும் விட்டுவிடாமல், யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.