கவுன்சிலர் ரூம் வரைக்கும் கூடவே நடந்து போங்க: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் ஒரு ஹைஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கிறேன். பசங்களோட மனசு பத்தி நீங்க எழுதறத தொடர்ந்து படிச்சிட்டு வர்றேன், அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு தோணுச்சு. என் கிளாஸ்ல ஒரு பையன், போன வருஷம் வரைக்கும் வாய் ஓயாம பேசுவான், போர்டுல கணக்கு போட நான் நான்னு எழுந்து நிப்பான். இப்ப ரெண்டு மாசமா கடைசி பெஞ்சுக்குப் போயிட்டான், ஹோம்வொர்க் வர்றதில்ல, கேட்டா "ஒண்ணுமில்ல மிஸ்"னு தலைய குனிஞ்சுக்கிறான். ஸ்கூல்ல கவுன்சிலர் இருக்காங்க, நல்லவங்கதான், ஆனா பசங்க அந்த ரூம் பக்கமே போறதில்ல, போனா மத்தவங்க கிண்டல் பண்றாங்க. ஸ்டாஃப் ரூம்ல சொன்னா "நம்ம வேலை போர்ஷன் முடிக்கிறது, அதுக்குன்னு ஆள் போட்டிருக்காங்கல்ல"ங்கிறாங்க. இது என் வேலையா இல்லையா? போன வாரம் அவனே வந்து "மிஸ், ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க"ன்னான், அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு, ஓடிட்டான். திரும்ப வந்தா ப்ராமிஸ் பண்ணலாமா? அவங்க அம்மாவுக்கு போன் பண்ணலாமா? பேர் போட வேண்டாம் அக்கா.

ஒரு கணக்கு டீச்சர்

வணக்கம் டீச்சர்,

அந்த ப்ராமிஸ் விஷயத்த முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு நேரம் கம்மி. பண்ணாதீங்க. அதுக்காக அவன் திரும்ப வருவான்னு காத்துட்டும் இருக்காதீங்க. அந்த வயசுப் பையன் அவனா வந்து "சொல்லணும்"னு வாய திறக்கறதுக்கு முன்னாடி எத்தன நாள் மனசுக்குள்ள ஒத்திகை பாத்திருப்பான்னு யோசிச்சுப் பாருங்க, பெல் அடிச்சதும் ஒருவேள "நல்லவேள தப்பிச்சோம்"னு கூட நினைச்சிருப்பான், இனிமே அவனா வர்றது கஷ்டம். நாளைக்கே நீங்க போங்க. "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே, பெல் அடிச்சிருச்சு, எனக்கு அது மனசுலயே இருக்கு, இப்ப டைம் இருக்கா?" இவ்ளோ போதும்.

ப்ராமிஸ் கேட்டா அவன் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "நீ சொல்றத ஸ்டாஃப் ரூம்ல பேச மாட்டேன், கிளாஸ்ல காட்டிக்க மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னாலோ, நீ வேற யாரையாவது காயப்படுத்தப் போறன்னாலோ, உன்ன யாராவது கொடுமைப்படுத்தறாங்கன்னாலோ, அத மட்டும் நான் தனியா வெச்சுக்க முடியாது, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்லுவேன்." கவுன்சிலர்களும் முதல் நாளே இந்த மூணையும்தான் சொல்லுவாங்க. குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா டீச்சர் புகார் கொடுத்தே ஆகணும்னு பல நாடுகள்ல சட்டமே இருக்கு, அதனால இது உங்க இஷ்டம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு அப்புறம் போய் சொன்னீங்கன்னா அவன் உங்கள மட்டும் இல்ல, இனிமே எந்தப் பெரியவங்களையும் நம்பமாட்டான்.

இப்ப உங்க வேலையா இல்லையாங்கிறதுக்கு வர்றேன். கவனிக்கறது உங்க வேலை, நூத்துக்கு நூறு. அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர் சங்கம் 250 பசங்களுக்கு ஒரு கவுன்சிலர்னு பரிந்துரைக்குது, அது சிபாரிசுதான், பெரும்பாலான ஸ்கூல்ல ஒருத்தர் தலையில அதவிட ரொம்ப அதிகம். 250ன்னே வெச்சுக்கங்க, அதுல ஒருத்தன் முன் பெஞ்சுல இருந்து பின் பெஞ்சுக்குப் போனது ரூமுக்குள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அவன தினமும் பாக்கிறது நீங்க. நீங்க எழுதினீங்க பாருங்க, போன வருஷம் எப்படி இருந்தான் இப்ப எப்படி இருக்கான்னு, அதுதான் கவுன்சிலருக்கு வேணுங்கிற தகவலே. இயல்பாவே அமைதியான பசங்க உண்டு, அவங்கள போட்டு நோண்ட வேண்டாம். தன்னோட வழக்கத்துல இருந்தே ஒரு பிள்ளை மாறுதுன்னா அங்கதான் நிக்கணும். எப்பவும் ஒரே பீரியட்ல வயித்து வலி வர்ற பொண்ணு, லஞ்ச்ல தனியா உக்கார ஆரம்பிச்சவன், குறிப்பிட்ட கிழமையில மட்டும் லீவு போடறவன், இதெல்லாம் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்லயே இருக்கும், யாரும் அப்படிப் பாக்கறதில்ல.

தூக்கம் பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா இதுக்குத்தான் பசங்க அதிகமா திட்டு வாங்கறாங்க. பருவ வயசுல உடம்போட கடிகாரமே பின்னால தள்ளிப் போகுது, ராத்திரி தூக்கம் வர்றதே லேட்டாகும், ஆனா அவங்களுக்கு தினம் எட்டுல இருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேணும். அதனாலதான் அமெரிக்க குழந்தைநல டாக்டர்கள் சங்கம் 2014ல, ஹைஸ்கூல் எல்லாம் காலைல 8:30க்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. முதல் பீரியட்ல கண்ணு சொருகறவன சோம்பேறின்னு முடிவு பண்ணிடாதீங்க. நல்லா இருந்தவன் திடீர்னு எல்லா பீரியட்லயும் தூங்கறான்னா மட்டும் அது வேற கதை.

பேசறப்ப தனியா பேசுங்க, ஆனா விசாரணை மாதிரி எதிர்ல உக்கார வெச்சு வேண்டாம், நோட்டுக்கட்ட லேப் வரைக்கும் தூக்கிட்டு வர சொல்லி கூட நடந்துக்கிட்டே பேசினா பசங்க ஈஸியா பேசுவாங்க. "உனக்கு என்னடா ஆச்சு"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"தான் பதிலா வரும். நீங்க பாத்தத சொல்லுங்க. "ரெண்டு மாசமா பின்னாடி உக்காந்திருக்க, போர்டுக்கு வர்றதில்ல, திட்டறதுக்காக கேக்கல, உன்ன அங்க பாக்கறப்ப எனக்கு கவலையா இருக்கு." அப்புறம் வாய மூடிக்கங்க, இதுதான் ரொம்பக் கஷ்டம், டீச்சர்களுக்கு மௌனம் தாங்காது. "நான் உன் வயசுல"ன்னு ஆரம்பிக்கிற எதுவும் அந்த நேரத்துல வேண்டாம். அவன் ஒண்ணும் சொல்லலன்னா பரவால்ல, "சரி, நாளன்னைக்கு திரும்ப கேப்பேன்"னு சொல்லிட்டு கண்டிப்பா நாளன்னைக்கு கேளுங்க.

அவன் பேச்சுல "நான் இல்லன்னா யாருக்கும் நஷ்டமில்ல" மாதிரி ஏதாவது வந்தா சுத்தி வளைக்காம கேளுங்க, "சாகணும்னு தோணுதா?" அப்படிக் கேட்டா நாமளே அந்த எண்ணத்த விதைச்ச மாதிரி ஆயிடும்னு எல்லாருக்கும் பயம், உலக சுகாதார நிறுவனமே இத தப்பான நம்பிக்கைன்னு சொல்லுது, நேரா கேட்டா பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு அப்பாடான்னுதான் இருக்கும். ஆமான்னு சொன்னா அவன ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, அடுத்த கிளாஸ் யாராவது பாத்துக்கட்டும், அப்பவே கவுன்சிலர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க.

கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போறதுலதான் பெரும்பாலான ஸ்கூல்ல எல்லாமே கெட்டுப் போகுது, அதான் இத கொஞ்சம் விரிவா சொல்றேன். சண்டை போட்டா "உன்ன கவுன்சிலர்கிட்ட அனுப்பிருவேன்"னு மிரட்டறோம். பாடம் நடக்கறப்ப ஒரு சீட்டு வரும், பேர சொல்லிக் கூப்பிடுவாங்க, நாப்பது பேரும் திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் பசங்க ஏன் போறதில்லன்னு கேக்கறோம். இத்தனைக்கும் ஸ்கூல் கவுன்சிலிங்கே இப்படி மூடின ரூம்ல பிறந்தது இல்ல. 1907ல அமெரிக்காவுல கிராண்ட் ராபிட்ஸ்ங்கிற ஊர்ல ஜெஸ்ஸி டேவிஸ்னு ஒரு பிரின்சிபல், இங்கிலீஷ் டீச்சர்கள்கிட்டதான் அத ஒப்படைச்சார், கட்டுரை வகுப்புலயே பசங்க தன்னோட குணம், எதிர்கால வேலை இதப்பத்தி எல்லாம் எழுதணும்னு. அடுத்த வருஷம் பாஸ்டன்ல ஃப்ராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க வழிகாட்டற அலுவலகம் தொடங்கினார். ஆக இதோட தொடக்கமே எல்லாப் பிள்ளைக்குமான சாதாரண விஷயம்தான், அதுல பாதி உங்கள மாதிரி டீச்சர் கையில இருந்திருக்கு.

அதனால உங்க கவுன்சிலர்கிட்ட பேசி ஒரு பீரியட் உங்க கிளாஸுக்கு கூப்பிடுங்க. பரீட்சைக்கு டைம்டேபிள் போடறது, அடுத்து எந்த க்ரூப் எடுக்கறது, இப்படி ஏதாவது பேசட்டும், முடிஞ்சதும் ஒவ்வொருத்தரையும் ஒரு தடவ ரூமுக்கு அஞ்சு நிமிஷம் வரச் சொல்லட்டும். எல்லாரும் போயிட்டு வந்த ரூமுக்கு ஒருத்தன் போனா யார் கிண்டல் பண்ணுவா? இந்தப் பையன மட்டும் "போய் பாரு"ன்னு அனுப்பாதீங்க, கூடவே நடந்து போங்க, அறிமுகப்படுத்துங்க, அவன் சரின்னா முதல் அஞ்சு நிமிஷம் கூட உக்காருங்க. அதுக்கப்புறம் உள்ள என்ன பேசினாங்கன்னு கவுன்சிலர் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க, அதுக்கு வருத்தப்படாதீங்க. "கிளாஸ்ல நான் என்ன பண்ணணும்?"னு மட்டும் கேளுங்க, ரெண்டு வாரத்துக்கு எழுப்பி கேள்வி கேக்காதீங்க, ஹோம்வொர்க்குக்கு டைம் குடுங்க, இந்த மாதிரி அவங்க சொல்லலாம்.

"நான் ஒருத்தி என்ன பண்ணிட முடியும்"னு உங்க கடிதத்துல நேரா இல்லன்னாலும் அந்த சோர்வு தெரியுது. ஹவாய் தீவுகள்ல கவாயின்னு ஒரு தீவு, அங்க 1955ல பிறந்த 698 குழந்தைகள எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல பத்து வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வறுமை, வீட்டுச் சண்டை, பெத்தவங்களோட குடி, மனநோய்னு பல சிக்கல் ஒண்ணா சேர்ந்து வளர்ந்த பிள்ளைகள்லயும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நல்லபடியா, அன்பானவங்களா வளர்ந்து வந்தாங்க. அவங்களுக்கு உதவின பல காரணங்கள்ல முக்கியமான ஒண்ணு, அக்கறையா நடந்துக்கிட்ட ஒரு பெரியவங்க, பல பேருக்கு அது ஒரு டீச்சர். எல்லாப் பிள்ளையையும் ஒரு டீச்சர் காப்பாத்திடலாம்னு இதுக்கு அர்த்தமில்ல, அந்த பாரத்த நீங்க வீட்டுக்கு தூக்கிட்டுப் போகக் கூடாது, தூக்கம் போச்சுன்னா அதே கவுன்சிலர்கிட்ட நீங்களும் போய் பேசலாம்.

கடைசியா அம்மாவுக்கு போன் பண்றது. அவன்கிட்ட பேசாம பண்ணாதீங்க. பிரச்சனையே வீட்டுக்குள்ள இருந்தா அந்த ஒரு போன் அவனுக்கு ஆபத்தா முடியலாம். முதல்ல அவன், அப்புறம் கவுன்சிலர், வீட்டுல சொல்றதுல ஆபத்தில்லன்னு தெரிஞ்சதுக்கப்புறம் அவனுக்கும் சொல்லிட்டு கூப்பிடுங்க. எடுத்த உடனே மார்க்க பத்தி பேசாதீங்க. "உங்க பையன் போர்டுல கணக்கு போடறப்ப கிளாஸே கலகலன்னு இருக்கும்மா, கொஞ்ச நாளா அவன் அமைதியா இருக்கான், வீட்டுல எப்படி இருக்கான்?" அவங்க பேசட்டும், குறுக்க போகாதீங்க.