ஹெல்மெட் ஏன் பிள்ளையின் மடியில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. 15 வருடமாக மதுரையில் பைக் ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஹெல்மெட் போட்டால் வியர்த்துக் கொட்டுகிறது, பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்பதில்லை. என் தலை, என் இஷ்டம் என்றால் மனைவி தினமும் சண்டை போடுகிறாள். அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் பெரியவர்களுக்குக் கட்டாயமில்லையாம். அதற்காக நான் சட்டத்தை மீறுவதில்லை. காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது ஹெல்மெட்டை அவள் மடியில் வைத்திருப்பாள். கோரிப்பாளையம் சிக்னல் நெருங்கினால் "அப்பா, போலீஸ்" என்று எடுத்துக் கொடுப்பாள், போட்டுக்கொள்வேன். நாலாவதுதான் படிக்கிறாள், படு சூட்டிகை. நீங்கள்தான் என் மனைவிக்குப் புரியவைக்க வேண்டும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் மனைவிக்குப் புரியவைக்க என்னிடம் ஒன்றுமில்லை. வியர்வை, காது, 15 வருட அனுபவம், இதெல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று. மகளைப் பற்றி எழுதியிருக்கும் அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, நாலு வயதைத் தாண்டிய எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவரும்தான். உங்கள் மகளின் தலையில் என்ன இருக்கிறது? நீங்கள் எழுதவே இல்லை. இருப்பது ஒரே ஹெல்மெட், அதுவும் அவள் மடியில். சட்டத்தை மீறுவதில்லை என்று எழுத எப்படி மனசு வந்தது? அப்புறம், ஹெல்மெட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை, வண்டி பள்ளத்தில் இறங்கினால் எதைப் பிடித்துக்கொள்வாள்?

என் தலை, என் இஷ்டம் என்று உண்மையாகவே நம்புகிறவர் போலீஸ் முன்னாலும் வெறுந்தலையோடு போவார். 1,000 ரூபாய் அபராதம் கட்டுவார், மூன்று மாதம் லைசென்ஸ் போனாலும் சரி என்பார். நீங்களோ பெற்ற பிள்ளையை வேவு பார்க்க வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு சிக்னலுக்கு முன்னாலேயே ஏதாவது ஆகிவிட்டால், 'சீக்கிரம் எடுத்துக் கொடுத்திருக்கலாமே' என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைக்கும். யோசித்துப் பார்த்தீர்களா?

அமெரிக்காவைச் சொன்னீர்கள். மிச்சிகன் மாநிலம் 2012-ல் அப்படி விலக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடிபட்டால் வைத்தியத்துக்குக் குறைந்தது 20,000 டாலர் காப்பீடு இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தது. உங்கள் மகள் அங்கே பிறந்திருந்தாலும் ஹெல்மெட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

என் பெரியம்மா மகன் வெறுந்தலையோடு விழுந்தவன். உடனே சாகவில்லை, ஆறு வருடம் படுக்கையில் கிடந்தான். அண்ணி கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, மூக்கு வழியாகப் போகும் குழாயில் விடுவாள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். ராத்திரி அலாரம் அடித்ததும் எழுந்து அவனைப் புரட்டியது அவன் மகன். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். தாலி கட்டிப் பிள்ளையும் பெற்ற பிறகு உங்கள் தலை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

இந்தச் சனிக்கிழமையே மகளைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்துத் தலையை அளந்து வாங்குங்கள். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். உங்களுடையது எப்போதாவது கீழே விழுந்து பலமாக அடிபட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு தடவை நசுங்கிவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது. தாடைக்குக் கீழே கிளிப் மாட்டாத ஹெல்மெட், விழும்போது கழன்று ஓடிவிடும்.

கலரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். திங்கட்கிழமை காலையில் முதலில் நீங்கள் போட்டு, அவளுக்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, அப்புறம் வண்டியை எடுங்கள். அவள் இரண்டு கையும் உங்கள் இடுப்பைப் பிடித்திருக்கட்டும்.