வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்தோடு லாமோட்ரிஜினும் சேர்த்திருக்கிறார்கள். உடம்பில் தடிப்பு வந்தால் பயப்பட வேண்டுமா?

கையில் ரெண்டு சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் மீதியை அப்புறம் படியுங்கள்; இன்றைக்கே, இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கும் இதே ஜோடிதான். லாமோட்ரிஜின் ஆரம்பித்த பதினேழாம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ஃப்ளூ என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் மார்பில் சிவப்புத் திட்டுகள். அரிக்கவே இல்லை, சட்டை உரசினால் எரிந்தது. அதற்கடுத்த நாள் காலையில் உதடு தலையணை உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, கால் மணி நேரம் அதைப் பிரித்தெடுத்தாள். உறையில் தோல் இருந்தது.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிகிற இந்த நோய்க்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். உரிவது உடம்புப் பரப்பில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தப் பெயர். 30ஐத் தாண்டினால் வேறு பெயர், உயிருக்கு ஆபத்து இன்னும் அதிகம். என்னுடையது 10க்குள் நின்றுவிட்டது.

கல்லீரல் லாமோட்ரிஜினைக் கழிப்பதை வால்ப்ரோயேட் தடுக்கிறது. அதனால் அது ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தங்குகிறது. இந்த ஜோடி என்றால் பெரியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் தினமும் 25. என் சீட்டில் முதல் நாளிலிருந்தே தினமும் 25, இரண்டாம் வாரமே 50. யார் தப்பு என்று இங்கே எழுதப்போவதில்லை.

‘மருந்தைப் பற்றிப் பீதி கிளப்பாதே’ என்று வரப்போகிறவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. இதே ஜோடியால் வலிப்பு நின்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. சாதாரணத் தடிப்பும் வரும்தான், ஆனால் எது சாதாரணம் என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது. வால்ப்ரோயேட்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

இன்னொன்று. லீவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வலிப்பு’ என்று பார்த்ததிலிருந்து மேனேஜருக்கு நான் கண்ணாடிப் பாத்திரம். ஆறு வருஷமாக நான் பார்த்த வேலையை நேற்று வந்த பையனிடம் கொடுத்துவிட்டார். தோல் உரிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை!

இப்போது லெவெடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்து. கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்துகள் பக்கமே போகக் கூடாது என்று எழுதிய அட்டை பர்ஸில் இருக்கிறது. கண் வறட்சி மட்டும் போகவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை சொட்டு மருந்து விட்டாயிற்று.